எண்பத்து நான்கு கிலோ

ஜூன் 3, திங்கள்

காலை எடை 94.2.

நோட்டு போடச் சொன்னது ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் ரெஜினா மேடம். தினமும் எடையையும் சாப்பிட்டதையும் எழுத வேண்டுமாம். நான் இரண்டு நோட்டு வாங்கிவிட்டேன். அவரிடம் காட்ட ஒன்று. இது எனக்கு.

சக்திக்கு, அதாவது என் மனைவி பிரம்மசக்திக்கு, இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். இன்று டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். என்னுடையதும் பொருந்துகிறது, மகள் கோமதியுடையதும் பொருந்துகிறது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சக்தி சொல்லிவிட்டாள்: "அவளுக்கு இருவத்திமூணு வயசு சார். அவகிட்ட வாங்கி நான் வாழணுமா? அதுக்கு இப்படியே போயிருதேன்."

ஆக, நான்தான். ஆனால் என் உயரத்துக்கு எண்பத்து நான்கு கிலோவுக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்களாம். பத்து கிலோ குறைய வேண்டும். ரெஜினா மேடம் பட்டியல் தந்தார். காலையில் மூன்று இட்லி, மத்தியானம் அளந்து சோறு, மீனோ முட்டையோ, சாயங்காலம் சுண்டல், ராத்திரி இரண்டு சப்பாத்தி. ஒரு நாளைக்கு ஆயிரத்து அறுநூறு கலோரி. வாரம் அரைக் கிலோ குறையும், அக்டோபரில் முடியும் என்றார்.

அக்டோபர் வரை அவள் ஊசியில் கிடக்க வேண்டுமா? நான் பாதி சாப்பிட்டால் பாதி நாளில் முடியும். கணக்கு அவ்வளவுதானே.

ஜூன் 4, செவ்வாய்

93.4. இரண்டு இட்லி, மோர், வெள்ளரிக்காய், ஒரு ஆப்பிள்.

சக்தி ஒரு மணிக்கு உள்ளே போனாள், ஐந்து மணிக்கு வந்தாள். நான் வராந்தாவில் இருந்தேன். பசி பெரிதாகத் தெரியவில்லை.

ஜூன் 10, திங்கள்

91.1!

கடையில் மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில்தான் ஏறிப் பார்க்கிறேன். ரேஷன் கடையில் பதினெட்டு வருடமாக ஊருக்கே அரிசி நிறுத்துப் போட்டவன், இப்போதுதான் என்னையே நிறுக்கிறேன். கடையில் பொருளைக் கட்டிக் கொடுக்கும் கட்டுநர் சொரிமுத்து எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஒரே வாரத்துல ஒரு மூட்டை தக்காளி எறங்கிருக்கு" என்றான். மூன்று கிலோவுக்கு அது என்ன உவமையோ. சிரித்தேன்.

சக்தி தட்டைப் பார்த்துக் கேட்டாள்: "மேடம் இம்புட்டுத்தான் சொன்னாகளா?"

"ஆமா."

ஜூன் 17, திங்கள்

89.3. இரண்டு வாரத்தில் ஐந்து கிலோ. ஜூலை முடிவதற்குள் ஆபரேஷன் நடந்துவிடும்.

சென்னைக்குப் போன் செய்து கோமதியிடம் சொன்னேன். "எப்பா, இவ்வளவு வேகம் வேண்டாம். முடியலன்னா சொல்லுங்க, நான் இருக்கேன்லா" என்றாள். அவள் எப்போதும் இந்த ஒரு வார்த்தையில் வந்து நிற்பாள். கடையில் கூட்டம் என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையில் யாரும் இல்லை.

ஜூன் 22, சனி

89.9. ஏறியிருக்கிறது.

நேற்று நோட்டில் இருப்பது இரண்டு இட்லியும் மோரும் மட்டும். எப்படி ஏறும்? நேற்று டயாலிசிஸ். அவள் உள்ளே இருந்த நேரத்தில் கொஞ்சம் வெளியே நடக்கப் போனேன். நல்ல வெயில்.

ஜூன் 26, புதன்

90.2.

நேற்று போட்டிருந்த சட்டையில் பை ஓரமாக மஞ்சள் கறை. எங்கே பட்டதென்று தெரியவில்லை. சக்தி துவைக்கும்போது பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. எலுமிச்சம் பழத்தை நறுக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றிலிருந்து காலை இட்லியும் ஒன்றுதான்.

ஜூன் 28, வெள்ளி

வெளியே நடந்தேன்.

ஜூன் 29, சனி

90.4.

ஜூலை 3, புதன்

90.1. ஒரு மாதமாகிறது. முதல் இரண்டு வாரம் இறங்கியது இறங்கியதுதான்.

சொரிமுத்து மொபைலில் ஒரு வீடியோ காட்டினான். ரொம்பக் கம்மியாகத் தின்றால் உடம்பு பஞ்சம் வந்துவிட்டதென்று நினைத்துக் கொழுப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்று அதில் ஒருவர் அடித்துச் சொன்னார். "அதான் அண்ணாச்சி ஒமக்கு நிக்கி. நல்லாத் தின்னும், கொறையும்" என்றான். அடுத்த வீடியோவில் வேறொருவர், அதெல்லாம் பொய், தின்னாவிட்டால் குறைந்தே தீர வேண்டும், குறையவில்லையென்றால் நீ எங்கேயோ தின்கிறாய் என்றார்.

இரண்டாவது ஆளின் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. மரியாதை இல்லாமல் பேசுகிறான்.

முதல் ஆள் சொல்வதை நம்பினால் இன்னும் தின்ன வேண்டும். அதற்கும் தைரியம் இல்லை. தின்று ஏறிவிட்டால்? மத்தியானச் சோற்றை நிறுத்துகிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் சீனி வாங்க வந்த ஒரு அம்மா, "எடை கொறையுதே, இன்னொரு தடவ போடுங்க" என்றார். வரிசையில் யாரோ, "கடைக்காரரே எடையக் கொறைக்காரு, சீனிய விடுவாரா?" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், மற்ற நாளாக இருந்தால். சீனிப் பையைத் தராசில் அறைந்து, "நம்பிக்கை இல்லன்னா எதுக்கு வாறீய?" என்று கத்தினேன். பை உடைந்து சீனி தரையெல்லாம் கொட்டியது. அந்த அம்மா பயந்துபோய்க் கார்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதினெட்டு வருடத்தில் நான் யாரையும் அப்படிப் பேசியதில்லை.

சொரிமுத்து கூட்டி அள்ளினான். பன்னிரண்டு மணிக்கு டயாலிசிஸுக்குக் கிளம்பினோம்.

வெளியே நடந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

90.0.

சக்திக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் தண்ணீர், சாம்பார் மோர் எல்லாம் சேர்த்து. சாயங்காலம் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒங்களுக்குப் பசிக்கலியா?"

"இல்ல. ஒனக்குத் தாகமா இருக்கா?"

"இல்ல."

அதற்குப் பிறகு இருவரும் டிவி பார்த்தோம்.

ஜூலை 20, சனி

90.5.

ஜூலை 24, புதன்

90.6. சீப்பில் முடி கொத்தாக வருகிறது. ஆனி வெயில் போய் ஆடிக் காற்று வந்துவிட்டதுதான், ஆனாலும் இந்த ஊரில் ஜூலையில் விரல் நுனி குளிர்வதை நான் கேள்விப்பட்டதில்லை.

முன்பெல்லாம் கடைக்கு நடந்துதான் போவேன். இப்போது ஆட்டோ. மூட்டை தூக்குவதை சொரிமுத்துவிடம் விட்டுவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பில் போடுகிறேன். மத்தியானம் கடை சாத்தியதும் சாக்கு மேலேயே படுத்துத் தூங்கிவிடுகிறேன். எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் எடுப்பதற்குக்கூட யாரையாவது கூப்பிடலாமா என்று இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வியாழன்

90.9.

சாயங்காலம் செருப்பைக் கழற்றியபோது வார் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. சக்தி கீழே உட்கார்ந்து என் கணுக்காலைக் கட்டை விரலால் அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி நிறையவில்லை. அவளுக்கு இது பழகிய வேலை. ஒன்றரை வருடமாகத் தினமும் தன் காலில் செய்து பார்ப்பது.

"இது என் காலு மாதிரில்லா இருக்கு" என்றாள்.

"நின்னுக்கிட்டே இருந்தேன்லா, அதான்."

"நீங்க எங்க நின்னீய? உக்காந்துதான இருக்கீயன்னு சொரிமுத்து சொல்லுதான்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எழுந்து போய்விட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கடையில் விழுந்துவிட்டேன்.

துவரம் பருப்பு மூட்டை வந்திறங்கியது. சொரிமுத்து இல்லை. குனிந்தது நினைவிருக்கிறது. கண் திறந்தபோது அரிசிச் சாக்கில் சாய்ந்திருந்தேன். யாரோ அட்டையால் விசிறினார்கள். சக்தி ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் செவ்வாய்க்கிழமை ஊசி குத்திய இடத்தில் இன்னும் கட்டு. அந்தக் கையாலேயே என் தலையைத் தூக்கிப் பிடித்துச் சீனித் தண்ணீர் கொடுத்தாள். பெரிய டம்ளர், விளிம்பு வரை. நான் முழுதும் குடித்தேன். குடித்து முடிக்கும் வரை அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோயாளி ஆரு, தொணைக்கு வந்தது ஆருன்னு தெரியல" என்று வரிசையில் ஒருவர் சொன்னது கேட்டது.

ஆகஸ்ட் 12, திங்கள்

ரெஜினா மேடம், அவருக்கென்று எழுதிய நோட்டை அரை மணி நேரம் படித்தார். ரத்தம், சிறுநீர், எல்லாம் பார்த்தார்கள். ஒரு மிஷின் மேல் நிற்க வைத்து உடம்பில் எது எவ்வளவு என்று அளந்தார்கள். சக்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சார், நான் ஆயிரத்து அறுநூறு சொன்னேன். நீங்க ஐந்நூறு எழுதிருக்கீங்க."

"சீக்கிரம் குறையட்டும்னுதான் மேடம். ஆனா குறையல. கம்மியாத் தின்னா உடம்பு கொழுப்பை விடாதாமே?"

"அப்படி இல்ல சார். கம்மியாத் தின்னா குறையத்தான் செய்யும். உடம்பு கொஞ்சம் சிக்கனம் பண்ணும், ஒரேயடியா நிறுத்தாது. முதல்ல எறங்கின அஞ்சு கிலோல பாதி தண்ணி. அப்புறம் தசை கரைஞ்சிருக்கு, இந்தா பாருங்க. இப்போ கால்ல தண்ணி தேங்கி நிக்குது, அது தராசுல கொழுப்பு குறைஞ்சதையும் மறைக்கும். அசையாம உக்காந்துட்டீங்க, அதனால செலவும் குறைஞ்சுபோச்சு. இது எல்லாத்தையும் சேத்தாக்கூட..." என்று நிறுத்தினார். விரலை எடை வரிசையில் வைத்தார். "புதன்கிழமையும் சனிக்கிழமையும் ஏறுது. ஒவ்வொரு வாரமும். செவ்வாய், வெள்ளியில என்ன நடக்கு?"



"அன்னைக்கு எனக்கு டயாலிசிஸ் மேடம்" என்றாள் சக்தி. "இவுக வெளிய காத்துக் கெடப்பாக."

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம்."

மேடம் நோட்டை மூடினார். "சார், நான் கேக்கது திட்டுறதுக்கு இல்ல. பட்டினி கிடக்குற யாரும் இதத்தான் செய்வாங்க. மனசு பலவீனம் இல்ல, உடம்பு கேக்கும். ரெண்டு நாள் கேட்டுக்கிட்டே இருக்கும், மூணாவது நாள் கேக்காது, எடுத்துக்கும்."

அப்போது அழுதுவிட்டேன். நாற்பத்தேழு வயதில், ஒரு பெண்பிள்ளை முன்னால். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் கடையைப் பற்றிச் சொன்னேன். எத்தனை பரோட்டா என்று சொன்னேன். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் இன்னொரு கடை, அல்வா, பக்கோடா எல்லாம் சொன்னேன். அவள் உள்ளே ரத்தம் சுத்தம் செய்துகொண்டு கிடக்கும்போது, கறி வறுவலை இரண்டு கையாலும் தின்றவன் நான். தின்னும்போது ருசிகூடத் தெரியவில்லை.

இந்த நிலையில் என்னிடமிருந்து எடுக்கும் பேச்சே இல்லையாம். முதலில் உடம்பு தேற வேண்டும். ஆயிரத்து அறுநூறு, ஒழுங்காக. நடக்க வேண்டும். ஆரம்பத்தில் எடை ஏறும், பயப்படக் கூடாது என்றார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சக்தி ஒரு டிபன் டப்பாவைக் கையில் தந்தாள். இரண்டு சப்பாத்தி, முட்டை, பீன்ஸ் பொரியல்.

"நான் வெளிய வாறதுக்கு அஞ்சு மணி ஆவும். மூணு மணிக்கு இதைச் சாப்பிடுங்க."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"சட்டைக் கறையப் பாத்த அன்னைக்கே தெரியும். சால்னா வாசம் எனக்குத் தெரியாதா?"

"கேட்டிருக்கலாம்லா சக்தி."

"கேட்டா அதையும் நிறுத்திருவீய. வாரத்துல ரெண்டு நாளாவது மனுசன் வயிறாரச் சாப்பிடுதாகளேன்னு இருந்தேன்."

மூன்று மணிக்கு வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எல்லோரும் பார்க்கும்படி.

ஆகஸ்ட் 21, புதன்

91.8. மேடம் சொன்னதுதான். ஆனாலும் தராசிலிருந்து இறங்கக் கால் வரவில்லை.

செப்டம்பர் 4, புதன்

90.7. காலையில் நாற்பது நிமிடம் நடக்கிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. அந்த ஜூலை மாதத்து அம்மா கடைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டேன். "வீட்டுல சொகமில்லன்னு கேள்விப்பட்டேன், விடுங்க" என்றார்.

செப்டம்பர் 18, புதன்

89.7. மூன்று புதன்கிழமையாக ஏறவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

சக்தியை வார்டில் சேர்த்துவிட்டார்கள். காலையிலேயே மூச்சு வாங்கியது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தேவலை. நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள்.

டாக்டர் தனியாகக் கூப்பிட்டார். "இதயம் களைக்குது. டயாலிசிஸ்லயே இனி ரொம்ப நாள் தள்ள வேண்டாம்னு பாக்கேன். ஒங்களுக்கு இன்னும் எவ்வளவு குறையணும்?"

"அஞ்சரை கிலோ சார்."

"ரெண்டரை மாசம். அது அதிகம்."

"இப்படியே எடுத்துருங்க சார். எழுதிக் குடுக்கேன். எனக்கு என்ன ஆனாலும் யாரும் கேக்க மாட்டாக."

"நான் கேக்கணும்ல? ஆகஸ்ட்ல ஒங்க ரிப்போர்ட் எப்படி இருந்துச்சுன்னு பாத்தேன். நல்லா இருக்க ஆளத்தான் மேசையில படுக்க வைக்கலாம். ஒங்க பொண்ணுகிட்ட பேசுனேன்."

கோமதி டாக்டருக்கே போன் செய்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

மேடம் தந்த பட்டியல்படி ஜூன் 3-லிருந்து வாரம் அரைக் கிலோ என்று போட்டுப் பார்த்தேன். பதினாறு வாரம். எட்டு கிலோ. இன்று 86.2 இருந்திருப்பேன். இன்னும் ஒரு மாதத்தில் ஆபரேஷன்.

போட்டுப் பார்த்திருக்கக் கூடாது.

செப்டம்பர் 24, செவ்வாய்

இன்று ஒன்றும் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 25, புதன்

ஒன்றும் சாப்பிடக் கூடாது என்றுதான் இருந்தேன். காலையில் கோமதி வந்துவிட்டாள். பையைக்கூட இறக்கவில்லை, அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எப்பா, திரும்பவுமா?" என்றாள். உப்புமா கிண்டி எதிரே உட்கார்ந்து நான் முடிக்கும் வரை எழவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

வார்டில் கோமதி, தன் சிறுநீரகத்தைத் தரப்போவதாக அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். சக்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"எம்மா, என்னப் பாரு."

"நீ ஊருக்குப் போ."

"போவ மாட்டேன். லீவு போட்டாச்சு. டெஸ்ட் எல்லாம் அங்கனயே எடுத்துட்டேன், டாக்டர்கிட்ட குடுத்தாச்சு."

"நாளைக்கு ஒன்னக் கட்டுறவன் என்ன சொல்லுவான்?"

"இதுக்கு மொகம் சுளிக்கிறவன எதுக்கும்மா நான் கட்டணும்?"

சக்தி எழுந்து உட்கார்ந்தாள். மூச்சு இரைத்தது. மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. ஒங்க வாயால சொல்லுங்க, வேண்டாம்னு. நீங்க சொன்னா அவ கேப்பா."

நான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் சக்தி போய்விடுவாள். சரி என்றால் என் பிள்ளையை நானே அனுப்பியதாகும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பெயர் சம்மதம் என்று இருவருமே எடுத்துக்கொண்டார்கள். சக்தி மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினாள். கோமதி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் 9, புதன்

88.5. யாருக்காக இதைத் தொடர்கிறேன் என்று தெரியவில்லை. கோமதி தினமும் அளந்து வைக்கிறாள், சாப்பிடுகிறேன். நட என்கிறாள், நடக்கிறேன்.

அக்டோபர் 16, புதன்

உறுப்பு தானத்துக்கான அனுமதிக் குழு முன்னால் மூவரும் உட்கார்ந்தோம். யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று கோமதியிடம் கேட்டார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "இல்ல, நானாத்தான் கேட்டேன்" என்றாள். தகப்பனார் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் ஏன் தரவில்லை என்று ஒருவர் கேட்டார். "எடை சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 21, திங்கள்

ஏழு மணிக்குக் கோமதியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பச்சை அங்கியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை போலத் தெரிந்தாள். கதவுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொன்னாள்.

"எப்பா, சாப்பிட்டீயளா?"

"எனக்கு இப்பம் எறங்காது மா."

"போய்ச் சாப்பிடுங்க. நாங்க ரெண்டு பேரும் படுத்துக் கெடப்போம். நீங்களும் விழுந்துட்டீயன்னா எங்கள யாரு பாப்பா?"

கேன்டீனில் மூன்று இட்லி வாங்கினேன். முழுவதையும் தின்றேன்.

மூன்று மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். சக்திக்குள் வைத்ததும் வேலை செய்யத் தொடங்கிவிட்டதாம். இருவரும் நலம். நான் அவர் கையைப் பிடித்தேன், ஆனால் நன்றி என்று சொல்ல வரவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

கோமதியை இன்று நடக்க வைத்தார்கள். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள், மறு கை இடுப்பின் இடது பக்கத்தில். நான் பின்னால் ஓர் அடி தள்ளி நடந்தேன், விழுந்தால் பிடிக்க. பத்து அடிக்கு ஒருமுறை நின்றாள்.

"வலிக்கா மா?"

"இல்லப்பா."

நெற்றியெல்லாம் வியர்வை. உதட்டைக் கடித்திருந்தாள். நான் சரி என்று தலையாட்டினேன். அவள் அடுத்த அடியை எடுத்து வைத்தாள்.